பக்கத்துக் கட்டில் பேராசிரியர்

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர். வற்றிய உடம்பு, சவரம் செய்யாத முகம். யார் என்ன கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்ட பிறகுதான் பதில் சொல்வார். ஊசி போட வரும் நர்ஸும் அதற்காகக் காத்து நிற்பார்.

கடவுள் நல்லவரென்றால் உலகில் இத்தனை வேதனை ஏன் என்ற ஒரே கேள்வியை ஆராய்ந்தே வாழ்நாளைக் கழித்தவர். இதுவரை சொல்லப்பட்ட எந்தப் பதிலும் நிற்காது என்று அவர் எழுதிய புத்தகத்தை வெளிநாட்டிலும் பாடமாக வைத்திருந்தார்களாம்.

ஒரு மத்தியானம் நாசரேத்திலிருந்து அவருடைய பழைய மாணவர் வந்தார். சபைப் போதகராக இருந்தவர். உட்கார்ந்ததுமே சொன்னார்: "சார், நான் ஊழியத்த விட்டுட்டேன். ஒங்க புஸ்தகத்துக்கு எங்கிட்ட பதில் இல்ல."

அன்றைக்குக் கண்ணாடியைத் துடைக்க வெகுநேரம் ஆனது.

"எங்கிட்டயும் இல்லடே. ஆனாலும் ஞாயித்துக்கிழம ஆராதனைக்குப் போய்க்கிட்டுதான் இருக்கேன்."

"அத ஏன் சார் எழுதாம விட்டிய?"

"அது வாதம் இல்லியே. எப்படி எழுத?" அவர் குரல் களைத்திருந்தது.

"எழுதியிருந்தியன்னா நான் விட்டிருக்க மாட்டேன் சார்."

வெளியே துறைமுக லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மாணவர் கிளம்ப எழுந்தபோது பேராசிரியர் கையை நீட்டினார். "ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போ."

மாணவர் அந்தக் கையைப் பிடித்தபடி நின்றார். அவர் உதடு அசையவே இல்லை. பேராசிரியர் கண்ணை மூடிக் காத்திருந்தார். பிறகு, "ஆமென்" என்று அவரே மெல்லச் சொன்னார்.

எந்த ஜெபத்துக்குச் சொன்னார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.