காது கேட்கும் பிள்ளை

என் மகளுக்குக் காது மந்தம் என்றுதான் நினைத்திருந்தோம். அடுப்படியிலிருந்து "கரண்டிய எடுட்டி" என்றால், "கரண்ட் போயிட்டாம்மா?" என்று விளக்கைப் பார்ப்பாள். இரண்டாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியவில்லை. பாடம் நடத்தும்போது அவளுக்குக் கவனமே இல்லை என்றார் டீச்சர்.

தாராவியிலிருந்து செம்பூருக்கு, காது பரிசோதிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். பரிசோதித்த அம்மாள் தமிழ்க்காரர். மகளைச் சத்தம் நுழையாத கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டு, வெளியே இருந்து மைக்கில் சொன்னார்: படம், மடம், தடம். மகள் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னாள். அவள் அப்படித் தயங்காமல் பேசி நான் பார்த்ததே இல்லை. சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

அடுத்து, அதே மாதிரி வார்த்தைகளோடு சந்தை இரைச்சல் போன்ற ஒரு சத்தத்தையும் ஓடவிட்டார். மகள் வாயடைத்துப்போனாள். கண்ணாடி வழியாக என் உதட்டையே பார்த்தாள், நான் ஏதாவது சொல்லிக்கொடுப்பேன் என்று.

"காது நன்னாவே கேக்கறது. சத்தத்துக்கு நடுவுல பேச்சைப் பிரிச்செடுக்கத்தான் கஷ்டப்படறா. மருந்து, மாத்திரையெல்லாம் கெடையாது. பயிற்சி குடுக்கலாம், மெதுவாத்தான் பலன் தெரியும். வீட்ல அமைதியான எடமா பார்த்து உக்காத்தி வெச்சுப் பேசுங்கோ."

"வீட்டுக்குக் கீழயே தையல் மிஷின் ஓடுது மேடம்."

"கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்ல முடியாதா?"

"அதுல ஒரு மிஷின்ல எங்க வீட்டுக்காரவதான் தைக்காவ."

அவர் பயிற்சிக்கு வரவேண்டிய நாட்களை ஒரு சீட்டில் எழுதிக்கொடுத்தார்.

வீட்டில் கதவு, ஜன்னலை அடைத்துப் பார்த்தேன். வெக்கையில் இருவருக்கும் வேர்த்து ஊற்றியது. மிஷின் சத்தமோ தரை வழியாக ஏறி வந்தது. மாலையில் மேலே வந்த அவள் அப்பா, "சத்தமா சொன்னா வெளங்கும்" என்று, படம், மடம் என ஒவ்வொன்றாக அவளிடம் கத்திச் சொன்னார். பிள்ளை மிரண்டு என் முந்தானைக்குள் ஒண்டிக்கொண்டாள். அவர் கை கால்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இப்போது மூன்றாம் வகுப்பு. டீச்சர் முன்பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார். பயிற்சிக்கும் போகிறோம். சில வார்த்தைகள் பிடிபடுகின்றன, பல நழுவுகின்றன.

போன வாரம் பள்ளி விட்டு வரும்போது, "இன்னிக்கு கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சோம்மா" என்றாள்.

"எதுக்குச் சிரிச்சிய?"

"தெரியாது. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்."

யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.