பட்டைக் குருவியும் பர்மிட்டும்

நானெல்லாம் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மலேசியா வந்து, கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் ஒரு கிடங்கில் சரக்கு இறக்கும் வேலை பார்க்கிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பயம்தான் காரணம். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். என்னைப் போல இங்கே வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் 'பாஸ்' என்பார்கள். மூட்டை சுமக்கிற என்னை லோரிக்காரர் பாஸ் என்பார். காப்பிக்கடைச் சீனரும் "பாஸ், மினும்?" என்று என்ன குடிக்கிறீர்கள் எனக் கேட்பார். வந்த புதிதில் முதலாளிதான் பின்னால் நிற்கிறார் என்று திரும்பிப் பார்ப்பேன். பழகிய பிறகும், முகம் தெரியாத ஒருவர் அப்படிக் கூப்பிட்டால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்குமோ என்று ஒரு அடி தள்ளி நிற்கிறேன். என் வேலை பர்மிட்டில் ஒரே கம்பெனி, ஒரே வேலை. அதைத் தாண்டி வேறு எதையாவது செய்து காசு வாங்கினால் குற்றம். எங்கள் அறையில் இருந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போய்க்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு அவர் திரும்பவில்லை. அவருடைய துணிமணிகளை நாங்கள்தான் மடித்துக் கட்டினோம்.

சரக்குப் பெட்டிகளைச் சுற்றி பிளாஸ்டிக் பட்டை கட்டி வரும். மஞ்சள், நீலம், கறுப்பு, சில சமயம் பச்சை. வெட்டிக் குப்பையில் போடுவோம். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. என் அக்கா ஊரில் ஒயர்க் கூடை பின்னுகிறவள். அப்பா போன பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கூடைகளால்தான். சின்ன வயதில் அவளுக்கு ஒயர் அளந்து வெட்டிக் கொடுத்து, அப்படியே பின்னவும் பழகினேன். பொம்பளை வேலை என்று பையன்கள் கேலி செய்வார்கள் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு பின்னுவேன். இங்கே அறைத் தோழர்கள் கைப்பேசியில் மூழ்கியிருக்கும் நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு பட்டையில் குருவி பின்ன ஆரம்பித்தேன். ஓவர்டைம் இருந்தால் குருவி இல்லை. பட்டையின் ஓரம் விரலைக் கிழித்துவிட்டால் மறுநாள் சாக்கைப் பிடிக்கும்போது எரியும். வெங்காயத் தூசி அதில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

முதலில் பார்த்தவர் சூப்பர்வைசர் சேகர் அண்ணன். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"இது என்னாய்யா, காக்காவா?"

"மைனா அண்ணே."

"மைனாவா? வயித்தப் பாத்தா நம்ப மேனேஜர் மாதிரி இருக்கு லா."

அவரே அதை ஒரு லோரியின் கண்ணாடியில் தொங்கவிட்டார். பிறகு மற்ற ஓட்டுநர்களும் கேட்டார்கள். பட்டையைச் சேகர் அண்ணனே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், அதனால் திருட்டு இல்லை. யாரிடமும் காசு வாங்கவில்லை, அதனால் குற்றம் இல்லை. இப்படித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் மனைவிக்கு அது போதவில்லை. "ஏங்க, அதெல்லாம் நமக்கு எதுக்கு? புள்ள படிப்பு முடியிற வரைக்கும் இருக்கிற எடம் தெரியாம இருங்க" என்றாள். சரி என்றேன்.

ஆனால் சேகர் அண்ணனின் தங்கை கவிதா, தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் தையல் கடை வைத்திருப்பவர், லோரியில் அந்த மைனாவைப் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் மேசை போட்டுக் கைவேலைப் பொருட்களை வைக்கப்போவதாகவும், நான் வரவேண்டும் என்றும் சொன்னார். "நீங்க ஒண்ணும் விக்க வேணாண்ணே. சும்மா உக்காந்து பின்னுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்." இத்தனை வருடத்தில் இங்கே யாரும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்ததில்லை. கிள்ளானில் ரயில் ஏறினேன். பை நிறையக் குருவிகள். வழியெல்லாம், இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒவ்வொரு நிலையத்திலும் யோசித்தேன்.

மேசைக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி பின்னினேன். ஒரு சீனக் குழந்தை நீலக் குருவியை எடுத்துக்கொண்டு விடவில்லை. அதன் அம்மா, "பாஸ், பிராப்பா?" என்று விலை கேட்டார். எனக்குத் தெரிந்த மலாயில் விற்பனைக்கு இல்லை, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "ஃப்ரீயா? ஏன் ஃப்ரீ?" என்றார். நான் தயங்கி நின்றதைப் பார்த்து, ஏதோ ஏமாற்றுவேலை என்று நினைத்திருக்க வேண்டும். குழந்தையின் கையிலிருந்து குருவியைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு நடந்தார். குழந்தை அழுதுகொண்டே போனது. ஒரு இளம்பெண் வீடியோ எடுத்தாள். கவிதா அவளிடம், "மொகம் வேணாம்மா, கை மட்டும் எடு" என்றார். அந்தப் பெண் போன சற்று நேரத்தில் சீருடை போட்ட இரண்டு பேர் நடைபாதையில் வருவதைப் பார்த்தேன்.

ஓடினால் பிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதனால் நடந்தேன். பையை விட்டுவிட்டேன். பாதி பின்னிய குருவி மட்டும் கையில் இருந்தது, அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். ரயில் நிலையக் கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். வெளியே யாரோ கை உலர்த்தும் இயந்திரத்தைத் தட்ட, அந்தச் சத்தத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மகள் படிப்பு, மனைவி சொன்னது, என் துணிகளை யார் மடிப்பார்கள் என்பது, எல்லாம் ஒன்றாக வந்தன. முடிக்காத பட்டை நுனிகள் வயிற்றில் குத்திக்கொண்டே இருந்தன.

கவிதா அழைத்தார். "எங்கண்ணே போனீங்க? அவங்க நடைபாதைய மறிக்காதீங்கன்னு சொல்ல வந்தவங்க. யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன். வேற என்னா சொல்றது?"

"நல்லதும்மா" என்றேன். நல்லதுதான். ஆனாலும் தாழ்ப்பாளைத் திறக்க நேரமாயிற்று.

அந்த வாரம் அந்தப் பெண் எடுத்த வீடியோ எங்கெங்கோ போனது. கீழே கவிதாவின் கடைப் பெயர் இருந்தது. தன்னிடம் பலர் கேட்கிறார்கள், பின்னித் தர முடியுமா என்று கவிதா செய்தி அனுப்பினார். நான் பதில் போடவில்லை. மேனேஜர் கைப்பேசியைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் என் கையில் இருந்த மூட்டை நழுவியது.

ஞாயிறு ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசினேன். அக்கா வந்திருந்தாள். தன் கைப்பேசியை என் மனைவியின் கைப்பேசி முன்னால் பிடித்துக் காட்டினாள்.

"டேய், இதப் பாரு. மலேசியாவுல எவளோ ஒருத்தி குருவி பின்னுறா. நுனிய வெட்டாம உள்ள செருகி மடிச்சு விடுறா பாரு. அது நான் போடுற முடிச்சுடா. எங்கேருந்து கத்துக்கிட்டா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி, "யூட்யூப்ல பாத்திருப்பாங்க அண்ணி" என்றாள்.

நான் பண்டமாரானில் உட்கார்ந்து, பிரிக்பீல்ட்ஸில் பின்னிய என் கைகளை, புதுக்கோட்டையில் அக்கா பிடித்திருந்த சின்னத் திரைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் இல்லாத கைகள். அவை எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டன. அக்கா வீடியோவை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அவளுக்குக் கட்டைவெரல் நெகம் கறுத்துக் கெடக்கு. எங்கயோ நசுங்கியிருக்கு, பாவம்" என்றாள். குரலைத் தணித்துக்கொண்டாள். "பாத்து வேலை செய்யணும்."

நான் கட்டைவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டேன். "சரிக்கா" என்றேன்.

மறுநாள் சேகர் அண்ணனிடம் கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன். சாப்பாட்டு இடைவேளையில் கவிதாவுக்குப் பதில் அனுப்பினேன்: பின்னித் தருகிறேன், காசு வேண்டாம், உங்கள் பெயரே இருக்கட்டும்.