கொய்யாக்காரியின் பேச்சுத்துணை

சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் நானும் நண்பன் குமாரும் மலைக்குப் போகும் பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறோம். கடவுள் இல்லை என்றே தோன்றுகிறது, என்னிடம் அவர் வருவதே இல்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அவரைத் தேடித்தான் புத்தகம் பார்த்து மூன்று வருடமாகத் தியானம் பழகுகிறேன். பக்கத்தில் என் வயதுக்காரி ஒருத்தி கொய்யா அடுக்கிக்கொண்டே முணுமுணுக்கிறாள்.

“யாரு கூடக்கா பேசுறீங்க?”

“சாமி கூடதான் தம்பி. காலையிலேர்ந்து பேசிக்கினுதான் இருக்கேன்.”

“பதில் சொல்லுதா?”

“எங்க வூட்டுக்காரரு கூடத்தான் பதில் சொல்றதில்ல. பக்கத்துல இருக்காரு இல்ல?”

எனக்கு வயிறு எரிகிறது. அவள் பேச்சைத் தடுக்கவே ஒரு கிலோ கேட்கிறேன்.

“இரு சாமி, தோ வந்துர்றேன்” என்று கடவுளிடம் சொல்லிவிட்டு எனக்கு எடை போட்டுக் கொடுக்கிறாள்; பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறாள். இன்னொரு கிலோ கேட்கிறேன். மறுபடியும் அப்படியே.

“டேய், இத்தனையும் யாருடா துன்றது?” என்கிறான் குமார்.

பஸ் வரும்போது எங்கள் பையில் நான்கு கிலோ. அவள் பேச்சு நிற்கவே இல்லை. மொத்தம் இருநூறு ரூபாய்.