எச்சில் படாத வீடியோ

"இப்ப வரும் பாருங்க. இருங்க, இப்ப வரும்."

கலியபெருமாளின் கைப்பேசி, எதிரே நிற்பவரின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நீண்டிருக்கிறது. அவருக்கு ஒரு கையில் டீ, மறு கையில் பாதி கடித்த வடை. தப்பி ஓட வழியில்லை. இப்படி இரண்டு கையும் மாட்டிக்கொண்ட ஆளாகப் பார்த்துத்தான் கலியபெருமாள் பிடிப்பார். திரையில் ஒரு வெள்ளைக்காரர் கேரட்டைக் குடைந்து குழலாக்கி ஊதிக்கொண்டிருக்கிறார். கலியபெருமாள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. அவர் கண் முழுக்க வடை தின்பவரின் முகத்தில். அங்கே சிரிப்பு எட்டிப் பார்த்ததும், கேரட்டைக் குடைந்ததே தாம்தான் என்பதுபோல் தலையை ஆட்டிக்கொள்கிறார். சிரிப்பு வராவிட்டால் வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓடும். விவரம் தெரிந்தவர்கள் அதனால் சட்டென்று சிரித்து வைத்துவிடுவார்கள்.

வயது ஐம்பத்து நாலு. முதலியார்பேட்டையில் சொந்த வீடு. ஊருக்குள் ஓர் அரசு அலுவலகத்தில் மேல்நிலை எழுத்தர். அங்கே அவர் என்ன எழுதுகிறார் என்பது இருபத்தாறு வருடமாக யாருக்கும் பிடிபடாத சங்கதி. ஆனால் கைப்பேசியில் மனிதர் உழைப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். காலை ஆறு மணிக்கு ஒரு காபிக் கோப்பைப் படத்தோடு "போன்ழூர்" என்று கடையைத் திறப்பார். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்தது நாலே வார்த்தை. நாலும் பிரான்ஸில் இருக்கும் சித்தி மகன் சொல்லிக் கொடுத்தவை. வினோத வீடியோக்களில் பாதியை அனுப்புவதும் அந்தச் சித்தி மகன்தான். பியானோவுக்குப் பதில் சொல்லும் பூனை, வயலினை உடைத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும் ரோபோ, அந்தக் காலத்து இன்டர்நெட் டெலிபோன் கம்பியில் இணையும்போது போடும் இரைச்சலைப் பத்து மடங்கு இழுத்தால் வரும் பேய்ச் சத்தம், எல்லாம் இவர் வழியாகத்தான் புதுச்சேரிக்குள் இறங்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அதற்கென்றே 'புதுவை வினோத உலகம்' என்று ஒரு வாட்சப் குழு வைத்திருக்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு பேர். அட்மின் அவர் ஒருவரே. மற்றவர்கள் பாராட்டலாம், சந்தேகம் கேட்கலாம். வீடியோ போடக் கூடாது. ஓய்வுபெற்ற ஏட்டு சாமிக்கண்ணு ஒருநாள் தெரியாத்தனமாக, செருப்பால் தபேலா வாசிக்கும் ஒருவனைப் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் குழுவிலிருந்து அவரைத் தூக்கிவிட்டார் அட்மின். கடற்கரையில் நடக்கும்போது ஏட்டு நியாயம் கேட்டார். "அது எங்கிட்ட ஏற்கெனவே இருந்துச்சி சார். நாளைக்கிப் போடலாம்னு வெச்சிருந்தேன். நீங்க கெடுத்துட்டீங்க" என்றார் கலியபெருமாள், உண்மையிலேயே மனம் நொந்து.

இன்னொரு கொள்கையும் உண்டு. பலமுறை கைமாறி வந்த வீடியோவின் தலையில் இரட்டை அம்பு விழுந்திருக்கும் அல்லவா, அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் எச்சில். "எச்ச வீடியோவ நான் அனுப்பறதில்ல" என்று பத்தியக்காரர் போலச் சொல்வார். அனுப்பத்தான் செய்கிறார். முதலில் தம் கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டு, அங்கிருந்து புதிதாக ஏற்றுவார். அம்பு காணாமல் போய்விடும். யாரோ எங்கோ பாடுபட்டு எடுத்தது, கலியபெருமாள் வீட்டுக் கொல்லையில் காய்த்ததுபோல் வந்து நிற்கும். "எங்கேர்ந்து கெடச்சிதுன்னு மட்டும் கேக்காதீங்க" என்று கீழே ஒரு வரி வேறு. யாரும் கேட்கவில்லை.

இவ்வளவு அனுப்புகிறவர் எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். பத்து வினாடி பார்ப்பார். "பத்து செகண்டுல புடிக்கலன்னா அது வீடியோ இல்ல, பாடம்." அவர் மனைவி நிர்மலா, அவரிடமிருந்து வரும் செய்திகளின் சத்தத்தை மூன்று வருடத்துக்கு முன்பே அடைத்துவிட்டார். "ஒரே கட்டில்ல ஒக்காந்துகிட்டு எனக்கு என்னாத்துக்கு அனுப்பறீங்க" என்று கேட்டதற்கு, "நீ பாத்தியா இல்லியான்னு எனக்குத் தெரியணும்ல" என்று பதில் வந்ததாம்.

இப்படிப்பட்ட மனிதரை நம்பி ஒருவர் தம் வீடியோவைக் கொடுத்தார். முத்தியால்பேட்டையில் பிரிண்டர் பழுது பார்க்கும் ஷஃபீக். கலியபெருமாளின் அலுவலகத்தில் பேப்பர் சிக்கினாலும் மை கசிந்தாலும் அவர்தான் வருவார். அதே அலுவலகத்தில் கழித்துப் போட்ட பிரிண்டர்கள் இரண்டையும் நாலு பழைய ஸ்கேனர்களையும் ஏலத்தில் எடுத்து வீட்டில் அடுக்கி, அவற்றின் மோட்டார்களை ஒரு சின்ன கம்ப்யூட்டர் பலகையோடு இணைத்து, நாலு மாதம் குடைந்துகொண்டிருந்தார். கடைசியில் அவை நாதஸ்வரக் கச்சேரி போல ஒரு மல்லாரியை வாசித்தன. ஸ்கேனர்கள் இழுத்து இழுத்துப் பாடும். பிரிண்டர்கள் தவில் தட்டும். கேட்டால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு அடங்கிக் காது கூர்மையாகிவிடும்.

ஷஃபீக்கின் மனைவி கனீஸ் பாத்திமாவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கூடம் முழுக்க இரும்பு. "நோன்புக்கு முன்னாடி இதெல்லாம் வெளிய போவணும். இல்லாட்டி இதால நமக்கு என்னா பிரயோஜனம்னு யாராவது ஒருத்தர் வந்து சொல்லணும்" என்று கெடு வைத்துவிட்டார். அந்த யாராவது ஒருத்தரைத் தேடித்தான் ஷஃபீக் வீடியோவைக் கலியபெருமாளுக்கு அனுப்பினார். முடிவில் 'ஷஃபீக், பிரிண்டர் சர்வீஸ், முத்தியால்பேட்டை' என்று எழுத்துப் போட்டிருந்தார். "கடைசி வரைக்கும் பாருங்க சார். பேரோட போடுங்க" என்று குரலிலும் சொல்லி அனுப்பினார். அன்று கலியபெருமாளுக்கு வந்த வீடியோக்கள் எழுபதோ எண்பதோ. குரலைக் கேட்க அவருக்கு நேரமில்லை. பத்து வினாடி பார்த்தார், பிடித்தது, வால் நீளமாக இருந்ததால் நறுக்கினார், போட்டார். யார் அனுப்பியது என்பதை மாலைக்குள் மறந்தும் போனார்.

குழுவே அதிர்ந்துவிட்டது. அவருடைய சரித்திரத்தில் அத்தனை கட்டைவிரல்கள் ஒரே நாளில் விழுந்ததில்லை. பொறியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தும் சுலோசனா கேட்டிருந்தார்: "அருமை சார். இதைச் செய்தவர் யார்? நம்ம ஊர்க்காரராக இருந்தால் மாணவர்களுக்குச் செய்து காட்டச் சொல்லலாம். எங்கள் லேபுக்கும் இப்படி ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்."

தெரியாது என்று சொல்லலாம். அந்த வார்த்தை கலியபெருமாளின் வாயில் என்றுமே நுழைந்ததில்லை. "ஜப்பான்" என்று போட்டார். சுலோசனா விடவில்லை. "பின்னால் சுவரில் தமிழ் காலண்டர் தொங்குகிறதே சார்?" கலியபெருமாள் கொஞ்சமும் அசராமல், "ஜப்பானில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் மேடம்" என்று எழுதினார். எழுதிய பிறகு அதை அவரே நம்பத் தொடங்கிவிட்டார். மூன்றாம் வாரம் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டு 'ஜப்பான் பொறியாளரின் சாதனை' என்ற தலைப்போடு அவரிடமே திரும்பி வந்தபோது, நான் சொன்னேனா இல்லையா என்று நிர்மலாவிடம் காட்டினார்.

நேற்று அலுவலகத்தில் பேப்பர் சிக்கிக்கொண்டது. ஷஃபீக் பையோடு வந்தார்.

"பிரிண்டர் கெடக்குது, ஒக்காருங்க பாய். ஜப்பான்காரன் ஒருத்தன் என்னா பண்ணிருக்கான் பாருங்க. இப்ப வரும்."

மல்லாரி ஓடியது. கலியபெருமாள் வழக்கம்போல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு வரவில்லை. முதலிலிருந்து ஓட்டினார்.

"காலேஜ் டீச்சர் ஒருத்தங்க தொளைச்சி எடுக்கறாங்க பாய். இந்தாளு நம்மூரா இருந்தா லேப்லியே வேலைக்கி வெச்சிக்குவாங்களாம். நம்மூர்ல எவன் இருக்கான், சொல்லுங்க."

"சார்" என்றார் ஷஃபீக். "இது நான் செஞ்சது. போன மாசம் உங்களுக்குத்தான் மொதல்ல அனுப்பிச்சேன். அந்தக் கை என்னுது. பிரிண்டர் உங்க ஆபீசுது. சைடுல வெள்ள பெயின்ட்ல நம்பர் இருக்கு, பெருசு பண்ணிப் பாருங்க."

கலியபெருமாள் இரண்டு விரலால் திரையை விரித்துப் பார்த்தார். நம்பர் இருந்தது. அலுவலகத்தின் பெயரும் பாதி தெரிந்தது. அந்தப் பிரிண்டருக்குப் பக்கத்தில் அவர் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கும் தெரியும். இதைச் செய்தவர் முத்தியால்பேட்டை ஷஃபீக் என்று ஒரே ஒரு வரி. கலியபெருமாள் அந்த வரியைப் பற்றி யோசிக்காமல் இல்லை. நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் யோசித்தார். காலண்டருக்குத் தாம் சொன்ன பதிலை யோசித்தார். ஏட்டு சாமிக்கண்ணு கேள்விப்பட்டால் கடற்கரையில் எப்படிச் சிரிப்பார் என்பதையும் யோசித்தார்.

"மெதுவா சொல்லிக்கலாம் பாய். இப்ப திடீர்னு மாத்துனா குரூப்பு மேல நம்பிக்க போயிடும்."

"என்னை குரூப்புல சேத்துடுங்க சார். நானே சொல்லிக்கறேன்."

"ஃபுல்லா இருக்கு."

"டீச்சர் நம்பராவது குடுங்க சார். வீட்ல எல்லாத்தையும் எடுத்துப் போடச் சொல்றாங்க. இந்த வெள்ளிக்கெழம வரைக்கும்தான் டைம்."

"லேடீஸ் நம்பர் குடுக்கறது தப்பு பாய்" என்றார் கலியபெருமாள், பண்பாட்டைக் காக்க வந்தவர் போல. "மொதல்ல பேப்பர் சிக்கினத எடுங்க. சூப்ரெண்ட் வந்துருவாரு."

ஷஃபீக் பையைக் கீழே வைத்தார். பிறகு தரையில் மண்டியிட்டு, பிரிண்டரின் பின்கதவைத் திறந்து கையை உள்ளே விட்டார். கலியபெருமாளின் கைப்பேசி சிணுங்கியது. சுலோசனா எழுதியிருந்தார்: "நாளை வகுப்பில் காட்டுகிறேன் சார். அந்த ஜப்பானியரின் பெயராவது கிடைக்குமா?"

"டீச்சரா சார்?" என்றார் ஷஃபீக், தலையைத் தூக்காமலே.

"இல்ல, கேஸ் சிலிண்டர் மெசேஜ்."

கலியபெருமாள் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரையை இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார்: ஹிரோஷி.