றிலேயின் ஐந்தாவது கால்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் எழுந்து போகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்து, தொழில்நுட்பக் கல்லூரி வரை போனவன். படித்தவன் இதை எழுதலாமா என்று நினைப்பீர்கள், நினையுங்கள். நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

சண்டைக் காலம். மட்டக்களப்பு டவுனில் மன்சூர் நானாவின் ரேடியோ, டிவி திருத்துகிற கடை. மேல்மாடியில் ஒரே ஒரு கொம்பியூட்டர், அதில் சர்க்கியூட் பலகைகள் வரைவதுதான் என் வேலை. எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்தவர் சுதன் அண்ணன். ஒருநாள் களுதாவளைக்கு பஸ் ஏறினவர் போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அன்று நான் வரைந்தது குறைமாதக் குழந்தைகளை வைக்கிற சூட்டுப்பெட்டிக்கான பலகை. உன்னிச்சைப் பக்கம் ஒரு சின்ன மருந்தகத்துக்கு. என் அக்கா அந்த ஊரில்தான் இருந்தார், ஏழு மாதக் கர்ப்பம். முதல் பிள்ளை, பாதை பூட்டின ஒரு நாளில், குளிரில் போய்விட்டது. நாலு மணிக்குக் கொழும்பு போகிற வான் வண்டியில் கோப்பு போக வேண்டும். விட்டால் அடுத்த வான் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

கொழும்பில் பலகை செய்கிறவர்கள் புது லைப்ரரி சீடி ஒன்று அனுப்பியிருந்தார்கள். லைப்ரரி என்றால், ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் கால்களும் பலகையில் எங்கே வரும் என்ற படங்கள். புதுப்பித்தேன். எல்லாம் சரி, சூடு கூடினால் கரண்டை நிறுத்துகிற றிலே சுவிட்ச் மட்டும் பிழை காட்டியது, அதன் ஐந்தாவது கால் சற்றுத் தள்ளி நின்றது. திரும்பப் புதுப்பித்தேன், அதே. பிறகுதான் கண்டேன், பட்டியலில் சுதன் அண்ணனின் பழைய லைப்ரரி முதலாவதாக இருந்தது, மென்பொருள் அதிலிருந்துதான் எடுக்கிறது. புதுச் சாமான் வராத நாட்களில், உடைந்த டிவிகளில் கழற்றியதை அவர் கையால் அளந்து அளந்து சேர்த்தது. அதை நீக்கினேன். கால் சரியான இடத்துக்கு வந்தது. சேமித்துவிட்டு நிமிர, இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.

மூன்றேகாலுக்கு வந்தது. திறந்தால் கால் பழையபடி தள்ளி நிற்கிறது, பட்டியலில் அந்த லைப்ரரி மேலே. நீக்கினேன், வந்தது. கொம்பியூட்டரை நிறுத்தி இயக்கிவிட்டு நீக்கினேன், அதே லைப்ரரி திரும்ப மேலே வந்தது. நம்பினால் நம்புங்கள், மூன்று தரம்.

கீழிருந்து நானா கத்தினார். "மனே, வான்காரன் ஹோன் அடிக்கான். மேல இருந்து முட்டைக்கு அடையா காக்கிறாய்?"

"அஞ்சு நிமிசம் நானா!"

அவரே ஏறி வந்தார், கையில் ஒரு பொட்டலம். "நாம கேட்ட றிலே இல்லியாம். ஏறாவூர்ல இப்பதான் இது கிடைச்சிச்சு, வேற ஜாதி. பொருந்துமா பாரு."

படத்தை அதே அளவில் கடதாசியில் அச்சடித்து, சாமானின் கால்களை அதில் குத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். திரையில் நின்றதை அப்படியே அச்சடித்துக் குத்தினேன். ஐந்து காலும் இறங்கின. புதுப் படத்தை அனுப்பியிருந்தால் ஐந்தாவது காலை வளைத்துத்தான் செருகியிருப்போம், சூட்டில் ஈயப் பற்று விட்டிருக்கும், பெட்டி பிறகு எப்படி வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. உள்ளே பிள்ளை.

"இந்த ஜாதிய நம்மட கடையில கண்டதே இல்லியே" என்றார் நானா. "சுதன்ட வேணியர் கிடக்கு, அளந்து பாப்பம்." சுதன் அண்ணன் போன நாளிலிருந்து பூட்டிக் கிடந்த மேசை லாச்சியைத் தன் சாவியால் திறந்தார். வேணியர் என்கிற அந்த அளவு இடுக்கி, வாய் சற்றுத் திறந்து, திருகு இறுக்கியபடி கிடந்தது. அதை அப்படியே றிலேயின் நாலாவது காலுக்கும் ஐந்தாவது காலுக்கும் வைத்தார். மயிரளவும் இடைவெளி இல்லை.

நானா றிலேயைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தார். "அனுப்பு மனே" என்றார்.

அக்காவின் மகள் அந்தப் பெட்டியில் பன்னிரண்டு நாள் இருந்தாள். இப்போது வீடு அதிரக் கத்துகிறாள்.

சுதன் அண்ணனின் அந்த லைப்ரரிக் கோப்பை நான் பிறகு பார்த்தேன். கடைசியாகத் திருத்திய நேரம், அதே நாள் இரண்டு நாற்பது. கரண்ட் இல்லாத நேரம். கொம்பியூட்டரின் கடிகாரம் பிழையாக ஓடியிருக்கலாம் என்று எனக்கு நானே பல தரம் சொல்லிக்கொண்டேன். வேணியரை நானா எனக்கே தந்துவிட்டார், அதன் திருகை இன்றுவரை நான் தளர்த்தவில்லை. அளப்பதற்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன்.

லாச்சிக்குள் இருந்த எல்லாவற்றிலும் இரண்டு வருடத் தூசி. அந்தத் திருகின் தலையில் மட்டும் இல்லை.