அக்காவின் காப்பிக்காக ஒரு வேகத்தடை

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெரு குறுகல். எதிர்சாரியில் அக்கா வீடு, இந்தப் பக்கம் என் வீடு. எண்பது தாண்டிய அக்கா தினமும் பத்து மணிக்கு இரண்டாவது காப்பிக்கு என் வீட்டுக்கு வருவாள். சர்க்கரை போதாது, டிகாஷன் தண்ணி என்று ஏதாவது சொல்லிச் சண்டை பிடித்துவிட்டுத்தான் போவாள்.

சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத பைக்குகள் எங்கள் தெருவைக் குறுக்குவழி ஆக்கிக்கொண்டன. ஒருநாள் ஒரு பைக் அக்காவின் புடவைத் தலைப்பை உரசிக்கொண்டு பறந்தது. அதோடு அவள் படி இறங்குவதை நிறுத்திவிட்டாள். காப்பியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

சிமென்ட் குழைத்து நாமே ஒரு மேடு போட்டுவிடலாம் என்றார்கள் தெருக்காரர்கள். எதற்கும் கேட்டுக்கொள்ளலாம் என்று கவுன்சிலரிடம் போனேன்.

"அய்யோ மாமி, அது வேண்டாம் கேட்டோ. யாராவது விழுந்தா கேஸ் உங்க மேலே. எல்லா வீட்டிலேயும் ஒப்பு வாங்கி அப்ளிகேஷன் தாங்கோ. வார்டு சபையிலே வச்சு கார்ப்பரேஷனுக்கு அனுப்பறேன். என்ஜினியர் வந்து பார்த்து, டிராஃபிக் போலீஸும் சரின்னு சொன்னாத்தான் ஹம்ப்" என்றாள், மலையாளம் கலந்த தமிழில்.

ஹம்ப் என்றால் வேகத்தடை; ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கல்யாணச் சமையலில் கரண்டி பிடித்த கை, பேனாவை மெதுவாகத்தான் பிடிக்கும். ஆனால் எங்கும் கைநாட்டு வைத்ததில்லை. தெருக்காரர்கள் மலையாளத்தில் எழுதித் தந்த விண்ணப்பத்தின் அடியில் முதல் கையெழுத்து என்னுடையது. தமிழில், ஒரு எழுத்துக்கூடக் கோணாமல்.

அப்புறம் வீடு வீடாக ஏறினேன். மூலை வீட்டு வாத்தியார் மட்டும் தயங்கினார். "ஸ்வாமி புறப்பாட்டிலே தூக்கறவா கால் தடுக்குமே, மாமி?"

"உயரம் குறைச்சலா, சாய்வாப் போடச் சொல்லி எழுதியிருக்கு. தடுக்கி விழறதானா உம்ம வாசல் கல்லுலேதான் விழணும். முதல்லே அதை எடும்" என்றேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

வார்டு சபையிலும் தீர்மானம் ஆயிற்று. என்ஜினியர் வருகிற நாளைச் சொல்லி அனுப்பினார்கள். அங்கேதான் தப்புப் பண்ணினோம். தெருவுக்கு ஒரு ஆபீசர் வருகிறாரே என்று, புறப்பாட்டுக்குப் போடுவதுபோல இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கோலம் போட்டோம். யோசனை என்னுடையதுதான், மறைப்பானேன்?

என்ஜினியர் வந்து நின்றார். பைக்குகளும் வந்தன. கோலத்தைப் பார்த்ததும் சாமி வருகிறது என்று முனையிலேயே திரும்பிப் போயின. ஒருவன் மட்டும் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

"இவிடெ ஸ்பீடு ஒண்ணும் இல்லல்லோ, அம்மா. நல்ல சாந்தமான தெரு" என்றார் என்ஜினியர்.

எதிர் ஜன்னலில் அக்காவின் குரல் கேட்டது. "ஏண்டி, கோலத்தைப் போட்டுக் காரியத்தைக் கெடுத்துட்டியே!"

தெருவே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், இன்னொரு நாள் பள்ளிக்கூட நேரத்திலே, சொல்லாமக் கொள்ளாம வாங்கோ" என்று கேட்டுக்கொண்டேன்.

நல்ல மனிதர். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் தனியாக வந்து நின்றார். அவருக்கு ஒரு காப்பி கொடுத்தேன். குடித்து முடித்ததும் இன்னொரு தம்ளரை நீட்டினேன். "எதிராத்துலே எங்க அக்கா இருக்கா. இதை அவ கையிலே கொடுத்துடுங்கோ, சார்."

இதென்ன பெரிய காரியம் என்று இறங்கினார். ஓரடி வைத்தார். ஒரு பைக் சீறியது, பின்வாங்கினார். மறுபடி இறங்கினார், இந்தத் தடவை இரண்டு பைக். மூன்றாம் தடவை துள்ளிப் பின்னால் வந்தபோது பாதிக் காப்பி சட்டையில் இருந்தது.

"மதி அம்மா, மதி" என்று தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். மதி என்றால் போதும். ஈரச் சட்டையோடு அங்கேயே நின்று எழுதிக்கொண்டார். பிறகு போலீஸ்காரரையும் அழைத்துவந்து, எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் இடம் குறித்தார்.

மேடு வந்தது. வெள்ளைக் கோடும் அடித்தார்கள். மறுநாள் பத்து மணிக்கு அக்கா தடியை ஊன்றிப் படி இறங்கினாள். மேட்டுக்கு முன்னால் ஒரு பைக் உறுமலை அடக்கிக்கொண்டு நின்றது. அவள் நடுத்தெருவில் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தாள்.

ஒரு வாய் குடித்தாள். "ஆறிப்போச்சேடி."

"நடுத்தெருவிலே நின்னு வேடிக்கை பார்த்தா ஆறாதா?"

"டிகாஷனும் தண்ணி."

அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.