கை நனைக்காத ஞாயிறுகள்

ஐம்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவனுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் குடும்பம். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கம்பத்தில், என் அக்கா வீட்டில். லோயர் கேம்ப் மின்நிலையத்தில் ஷிப்ட் எப்படி மாறினாலும் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. தட்டில் சோறு விழுந்ததும் அக்கா கறிக்குழம்புச் சட்டியைக் கரண்டியால் அடிவரை துழாவுவாள். நல்லி எலும்பு எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அது என் தட்டுக்குத்தான் வரும்.

"கட்டுனவனுக்குக் கழுத்தெலும்பு, கூடப் பொறந்தவனுக்கு நல்லியா? நல்லா இருக்குடி ஒன் நியாயம்" என்பார் மச்சான். வாராவாரம் இதே கேலிதான். அவர் அதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் குவார்ட்டர்ஸ் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்தது. தேனியில் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றும் கூடிப் பேசித்தான் வந்திருந்தன. மாத்திரை எழுதிக் கொடுத்து, கறி, முட்டை, பாலையெல்லாம் நன்றாகக் குறைத்துவிட்டு காய், கீரை, பயறு என்று மாறச் சொன்னார். குறைக்கிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. பீடியைக்கூட ஒரே நாளில் விட்டவன். பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் கறி, மீன், முட்டை, பால், தயிர் அத்தனைக்கும் தலைமுழுகிவிட்டேன்.

டீக்கடையில் பிரச்சினை இல்லை. கேரள எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதில் அது ஒரு வசதி, 'கட்டன்' என்றால் பாலில்லாத டீ வந்துவிடும். வீட்டில் தட்டைப்பயறு ஊறப் போட்டேன், கம்மங்கஞ்சி காய்ச்சினேன், முருங்கைக்கீரையை உருவி உருவி நகமெல்லாம் பச்சையானது. முதலில் நாக்குதான் அழுதது. அதன் பிறகுதான் மற்றது தெரிந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் கம்பத்துக்குப் புரோட்டா சாப்பிடக் கிளம்பும்போது என் கதவைத் தட்டுவதை நிறுத்திக்கொண்டார்கள். "அண்ணனுக்கு அங்கன என்ன இருக்கு, விடுங்கப்பா" என்று ஒருவன் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கோபம் வந்தது.

அக்காவிடம் போனில் சொன்னபோது சிரித்தாள். "வாடா, பாத்துக்கிருவோம்" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கறி எடுத்திருந்தாள். "நல்லிய மட்டும் உறிஞ்சிட்டுப் போட்ரு. உறிஞ்சுனா அது கறிக் கணக்குல சேராது" என்று கெஞ்சினாள். நான் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். மோரையும் வேண்டாம் என்றேன். அவள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவளுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று யோசித்தேன். அந்த யோசனையில் தீயை வைக்க. கீரையும் பயறும் சோறும் ஒரு தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே சொந்தக்காரர்கள் பகை என்றால் வராமல் இருக்க மாட்டார்கள். விசேஷத்துக்கு வருவார்கள், மொய் வைப்பார்கள், பிள்ளைகளின் கன்னத்தைக்கூடக் கிள்ளுவார்கள். கை மட்டும் நனைக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் சாப்பிடாமல் எழுந்து போனால் அந்த வீட்டோடு அறுத்துக்கொண்டாயிற்று என்று அர்த்தம். மச்சானின் தம்பி வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அப்படித்தான் ஆனார். வருவார், வெற்றிலையைத் தொட்டுக் கும்பிடுவார், போய்விடுவார். இதெல்லாம் தெரிந்த நான், அந்த வீட்டுக்கே என் சோற்றைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதுவும் எப்போது? சின்னமனூருக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவின் வாழைத்தோட்டத்தை அக்காவும் நானும் பிரித்துக்கொண்ட அதே மாதத்தில்.

அக்கா தூக்குவாளியைப் பார்த்தாள். "இதென்னடா?" என்றாள்.

"சாப்பாடுக்கா. ஒனக்கு எதுக்குத் தனியா ஒரு வேலைன்னுதான்."

"என் வீட்டுல ஒலை வைக்கலன்னா சோத்தக் கட்டிட்டு வந்த?" குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும்.

மச்சான் தொண்டையைச் செருமினார். "மாப்ள, தோட்டத்தப் பிரிச்சதுல மனசுல ஏதும் இருந்தா நேரா சொல்லிரு. இப்பிடிச் சாடையா வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. தோட்டத்தில் தண்ணீர்ப் பக்கத்தை அக்காவுக்கு எழுதச் சொன்னதே நான்தான். "சீக்காளி பத்தியச் சோறு திண்டா அதுலயும் பங்காளிச் சண்டையா தெரியுது ஒங்களுக்கு? நல்ல மனசு மச்சான் ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். பஸ் கூடலூர் தாண்டும்போதுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. தூக்குவாளி அங்கேயே இருந்தது.

அவள் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். அவன் வரட்டும் என்று அவள் இருந்திருப்பாள். ஒரே வயிற்றில் பிறந்த வீம்புக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

உடம்பு மட்டும் சொன்னபடி கேட்டது. மாடிப்படி மூச்சு வாங்காமல் ஏறினேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "வீட்டுல ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்களே" என்றார். நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்து, இந்தச் செய்தியை யாரிடம் சொல்லலாம் என்று போனில் பெயர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அக்காவின் பெயர் வந்ததும் போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் நகரவே இல்லை. பதினோரு மணிக்குக் குவார்ட்டர்ஸ் முழுக்க மிளகும் சோம்பும் வறுபடும் வாசனை எழும்பும். ஒவ்வொரு வீட்டிலும் குக்கர் விசில் அடிக்கும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பயறைத் தின்பேன். கறிக்காக ஏங்கினேன் என்று சொன்னால் பொய். அந்த வாசனை எனக்கு அக்காவின் வாசனை. ஒரு நாள் ஜன்னலைச் சாத்திய பிறகு சோற்றின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். பிறகு பயறில் உப்புப் போதவில்லை என்று அதைத் திட்டினேன்.

முதல் போகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்த அன்றைக்கு, அதைப் பார்க்கப் பள்ளத்தாக்கு விவசாயிகள் பலர் லோயர் கேம்ப் வந்திருந்தார்கள். டீக்கடையில் கட்டனோடு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு துண்டு வந்து நின்றது. மச்சான்.

"எனக்கும் ஒரு கட்டன் போடுப்பா" என்றார். பால் டீயில் ஆடை மிதக்க வேண்டும் என்று கேட்கிற மனிதர். ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தார். "இதக் குடிச்சுக்கிட்டா உசுரோட இருக்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் கொஞ்சம் சிரித்தார். தண்ணீரைப் பற்றி, நாற்றங்காலைப் பற்றி ஏதேதோ பேசினோம். கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "ஒன் தூக்குவாளி வீட்டுலதான் கெடக்கு மாப்ள. ஒன் ஃபிரண்டு யார்ட்டயாச்சும் குடுத்து விடுறேன்னா, தர மாட்டேங்குறா. வெறும் ஏனத்த எப்பிடிக் குடுத்து விடுறதுங்குறா. அதுல எதப் போட்டு அனுப்புனா நீ திம்பன்னு அவளுக்குத் தெரியலையாம். தெனம் வெளக்கி வெளக்கிக் கவுத்துறா."

எங்கள் வீடுகளில் அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. இத்தனை நாளும் அந்தத் தூக்குவாளியைக் கோபத்தில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஞாயித்துக்கெழமை வாரேன்னு சொல்லுங்க மச்சான். வெறுங்கையோட வாரேன்."

போனேன். அக்கா வாசலில் நிற்கவில்லை. அடுப்படியில் இருந்தபடியே, "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? ஆத்தாடி, தோள்பட்ட எலும்பெல்லாம் தெரியுது. நோயி போச்சா, ஆளே போயிட்டானா?" என்றாள். வீட்டில் கறி வாசனை இல்லை. மொச்சையும் கத்திரிக்காயும் போட்டு நல்லெண்ணெய் மிதக்கப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். "தயிரு, நெய்யி ஒண்ணும் சேக்கல, பயப்புடாத" என்றாள். மச்சானுக்கும் அதேதான். அவர் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

என் தட்டில் சோறு போட்டாள். கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். அது பழைய பழக்கத்தில் அடிவரை போனது. ஒரு சுற்றுத் துழாவினாள், மறுபடியும் துழாவினாள். பிறகு கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"எல்லாம் ஒண்ணு போலத்தாண்டா கெடக்கு" என்றாள். "இதுல ஒனக்குன்னு எத எடுத்து வைக்க?"

நான் நோயை ஜெயித்தேன், நாக்கை ஜெயித்தேன். இந்தக் கேள்வியிடம் தோற்கக் கூடாது என்று சட்டியை எட்டிப் பார்த்தேன். சில துண்டுகளில் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அந்தக் காம்புக் கத்திரிக்காய எனக்குப் போடுக்கா. சப்பித் தின்ன நல்லா இருக்கும்."

தேடித் தேடி இரண்டு எடுத்துப் போட்டாள். நான் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் மச்சான் தன் தட்டைப் பார்த்தார்.

"கட்டுனவனுக்கு வெறும் மொச்சை, கூடப் பொறந்தவனுக்குக் காம்பா? நல்லா இருக்குடி ஒன் நியாயம்."

சாயங்காலம் தூக்குவாளியைக் கொடுத்தாள். கனமாக இருந்தது. குவார்ட்டர்ஸுக்கு வந்து கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, யாரும் இல்லாத அறையில் உட்கார்ந்து மூடியைத் திறந்தேன். குழம்பில் ஒரு மொச்சைகூட இல்லை. சட்டியில் மிச்சமிருந்த காம்புத் துண்டுகள் அத்தனையையும் துழாவி எடுத்து எனக்கென்று போட்டிருந்தாள்.